நான் இல்லாத குரூப்

எங்கள் பிரஸ்ஸில் யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது, யாருக்கு எவ்வளவு இடம் என்பதை முடிவு செய்கிறவன் நான்தான். திருத்தங்கலில் நாலு மிஷின் ஓடுகிற ஆப்செட் பிரஸ் அது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை எல்லாம் உண்டு. ஊரில் யாராவது "என்ன வேலை பாக்கீக?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் "ஓ, பிரிண்டர் ரிப்பேரா?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். அது பொய்யில்லை.

பிரஸ்ஸின் பின்பக்கம், அச்சுத் தகடு எடுக்கிற பிளேட் ரூமுக்கு அடுத்தாற்போல் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அங்கேதான் சர்வர் இருக்கிறது. அதை ஒட்டி என் அறை. டிசைன், பிளேட், டெஸ்பாட்ச், ஆபீஸ் என்று இருபது கம்ப்யூட்டர்கள் அதோடு சேர்ந்திருக்கின்றன. யாருடைய வேலையும் அவரவர் கம்ப்யூட்டரில் தங்காது; எல்லாம் சர்வருக்குள் ஆளாளுக்கு ஒரு ஃபோல்டரில் இருக்கும். ஆட்களைக் குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்திருப்பேன். டிசைன் குரூப்பில் இருக்கிறவர்களுக்கு டிசைன் ஃபோல்டர் திறக்கும். டெஸ்பாட்ச் ஆள் அதைத் தட்டினால் அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி வரும். புது ஆள் வந்தால் சேர்ப்பேன், நின்றுவிட்டால் எடுப்பேன். நின்றவருடைய ஃபோல்டரைத் தொண்ணூறு நாள் வைத்திருந்து தொண்ணூற்றொன்றாம் நாள் அழிப்பேன். பென் டிரைவைச் செருகி யாரும் எதையும் வெளியே கொண்டுபோக முடியாது. அந்த வழியையும் அடைத்து வைத்தவன் நான். இந்தச் சட்டங்களை எல்லாம் யாரும் கேட்டு நான் போடவில்லை. நானாகப் போட்டேன், பெருமையாகவும் இருந்தது.

நான் சேர்ந்த முதல் சீசனிலேயே சர்வர் நிறைந்துவிட்டது. அதுவும் ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது. இங்கே ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி பக்கத்துப் பிரஸ்ஸுக்குள் ஏறிவிடுவான். டிசைன் செய்கிறவர்கள் வேலையைச் சேமிக்க இடமில்லாமல் முழிக்க, முதலாளி என் அறை வாசலில் நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினார். அன்றைக்கு வந்த வைராக்கியத்தில்தான் கோட்டா வைத்தேன். தலைக்கு அறுபது ஜிபி. ஐம்பதைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அறுபதைத் தொட்டால் ஒரு புள்ளிகூடச் சேமிக்க முடியாது. பழசை அழித்தால்தான் புதுசுக்கு இடம்.

எல்லோரும் அழித்தார்கள். ரோஜாப்பூவை அழித்தார்கள், நடிகைகளை அழித்தார்கள். ஆனால் ஒருத்தரும் சாமியை அழிக்கவில்லை. டிசைன் பிரிவில் மூத்தவர் ஒரு பெண். பிரஸ் முழுவதுக்கும் அவர் அக்கா. அவருடைய ஃபோல்டர் எந்நேரமும் ஐம்பத்தொன்பதில் நிற்கும்.

"முப்பது முருகன் வச்சிருக்கீகளேக்கா. பத்து முருகன அழிங்க."

"முப்பதும் வேற வேற முருகன்ல தம்பி."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது சாமி இல்லக்கா. வெறும் ஒன்னும் சைபரும்."

"அப்ப கோயில்ல இருக்கறது வெறும் கல்லுதான? போயி ஒடச்சிட்டு வா, பாப்போம்."

நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். மிஷின் பக்கமும் அப்படித்தான். சாமிப் படம் விழுந்த வேஸ்ட் தாளில் மிஷின்காரர் யாரும் மை துடைக்க மாட்டார். கால் படாமல் எடுத்துத் தனிக்கட்டாகக் கட்டி வைப்பார்கள். வெடித்துச் சிதறுகிற பெட்டியில் சாமி வேண்டாம் என்று பார்ட்டிகளே சொல்ல ஆரம்பித்த பிறகு, பழைய லேபிள்களில் இருந்த லட்சுமி எல்லாம் வேலையில்லாமல் சர்வருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் யாரும் தொடவில்லை. பஞ்சாயத்து முதலாளியிடம் போனது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமிக்கு அளவு வைக்க நீ யாருலே?"

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. 'சாமி' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். கோட்டா கிடையாது, காலக்கெடு கிடையாது, எதையும் அழிக்கக் கூடாது. அதற்கென்று சாமி குரூப். டிசைன் ஆட்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

சும்மா கிடைக்கிற இடத்தை விடுவார்களா? ஒரு மாதத்தில் சாமிக்குள் புலி வந்தது, குழந்தை வந்தது, யாரோ வீட்டுக் காதுகுத்து ஆல்பம் மொத்தமாக வந்து இறங்கியது. போய்ச் சண்டை போட்டேன்.

"இந்த அருவி எந்தக் கோயில் சாமிக்கா?"

"கங்கைனு நெனச்சுக்கோ தம்பி," என்றார் அக்கா, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

இதெல்லாம் என் தங்கச்சி இருந்த காலம்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. விருதுநகரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடுகிற வேலை. அம்மா விடியற்காலையில் சோற்றை ஆக்கி வைத்துவிட்டு வேனில் ஏறிவிடுவாள். நான் தூக்குவாளியை மறந்துவிட்டு பஸ் ஏறுவேன். காலேஜ் லீவில் அதைச் சுமந்து வருவது தங்கச்சி வேலை. வைகாசி வெயிலில் ஒருநாள் அப்படித்தான் வந்து நின்றாள்.

"ஏண்ணே, தூக்குவாளிய மறக்கணும்னே வேலைக்கு வாரியா?"

அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு ஒரு கம்பி மத்தாப்பு லேபிள் முடிக்க வேண்டியிருந்தது. மத்தாப்புப் பிடித்த பெண் படம் வேண்டும். இன்டர்நெட்டில் எடுத்த பெண்கள் எல்லாம் டெல்லிக்காரப் பிள்ளைகளாக இருந்தார்கள். "வா தாயி, இங்கன நில்லு," என்று தங்கச்சி கையைப் பிடித்து பிளேட் ரூம் வெள்ளைச் சுவரோரம் நிறுத்தினார். பிரஸ்ஸுக்குள் மத்தாப்பு கொளுத்த முடியாது. வெறும் கம்பியைக் கையில் கொடுத்தார். பொறியைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள்.

அவள் விறைத்துப்போய் நின்றாள். தங்கச்சிக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. அது தெரிந்துவிடும் என்று யார் போட்டோ எடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள், இல்லாவிட்டால் திரும்பிக்கொள்வாள். "சிரி தாயி, சிரி தாயி," என்று அக்கா கெஞ்சினார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "சீக்கிரம் சிரிச்சுத் தொலை, வேலை கெடக்கு," என்று கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். கையில் இருந்த தூக்குவாளி கதவில் இடித்து, ரசம் அத்தனையும் என் பேன்ட்டில் கொட்டியது. அப்போது சிரித்தாள் பாருங்கள். தெத்துப்பல், ஈறு, எல்லாம் தெரிகிற சிரிப்பு. அக்கா அந்த நேரத்தில் கேமராவை அமுக்கிவிட்டார்.

பார்ட்டி படத்தைப் பார்த்துவிட்டு, முகம் வேண்டாம், கை போதும் என்று சொல்லிவிட்டான். அதனால் பெட்டியில் என் தங்கச்சியின் கை மட்டும் வந்தது. அம்மாவுடைய கண்ணாடி வளையல் போட்ட கை. வடக்கே எத்தனையோ ஊருக்கு அந்தக் கை போயிருக்கிறது. முகம் அக்காவின் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. "எம் மூஞ்சிய வேணாம்னுட்டான் பாத்தியா," என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். நாலாம் நாள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறாம் நாள் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தோம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் போனில் எத்தனையோ படம் இருந்திருக்கும். அதற்கு அவள் என்ன பாஸ்வேர்டு வைத்திருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்கிறவன் வீட்டு லட்சணம் இது. கடையில் கொடுத்தேன். கடைக்காரர் உள்ளே இருந்த அத்தனையையும் அழித்துத்தான் திறக்க முடிந்தது என்று சொல்லிக் கையில் கொடுத்தார். புதுப் போன் மாதிரி பளிச்சென்று இருந்தது. என் போனில் தேடினால் அவள் முதுகு, பாதி முகம், மூடிய வாய். ஆதார் அட்டையில் இருக்கிறவள் யாரோ ஒருத்தி.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், சாமி ஃபோல்டர் பெருகியதில் மொத்த இடமும் குறைந்து வருகிறது என்று சர்வர் எச்சரிக்கை காட்டியது. திறந்தேன். வரிசையாக எல்லாச் சாமிகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரியம்மன், மீனாட்சி, முப்பது முருகன். அந்த ஆறு நாளும் இவர்களில் யாரிடம் நான் வேண்டாமல் இருந்தேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோல்டரை மொத்தமாக அழித்திருப்பேன். கை போகவில்லை. அதற்குப் பதிலாக சாமி குரூப்பைத் திறந்து, உறுப்பினர் பட்டியலில் என் பெயரைத் தேடி, என்னை நானே நீக்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்த ஃபோல்டரைத் தட்டினால் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி எனக்கும் அனுமதி இல்லை என்று வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை எங்கள் பக்கம் கன்னியாகக் கும்பிடுவார்கள். அவள் அந்த வீட்டுச் சாமி. தையில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு மூலையில் ஓலைப்பெட்டி வைத்து, அதில் புதுத்துணி, வளையல், ரிப்பன், பூ எல்லாம் வைத்து, பச்சரிசி மாவு இடித்துப் படைப்பார்கள். மற்ற வீடுகளில் பாவாடை வைப்பார்கள். அம்மா சுடிதார் வைப்பாள். "அவளுக்குப் பாவாடைன்னாலே ஆகாது," என்பாள். அந்தப் பெட்டிக்குள் அம்மா ஒரு மத்தாப்புப் பெட்டியையும் வைத்திருந்தாள். கை இருக்கிற பெட்டி.

அக்காவிடம் முகம் இருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தையிலும் கேட்பாள். "இருக்கும்மா, எடுத்தாறேன்," என்பேன். என் அறையில் இருந்து நாலு தட்டுத் தட்டினால் போதும். அக்காவின் ஃபோல்டருக்குள் போகிற அனுமதி எனக்கு உண்டு. ஆனால் நான் போகவே இல்லை. அதைப் பார்த்துவிட்டால் அவள் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயம். என் சர்வருக்குள்தானே இருக்கிறாள், எங்கே போய்விடப் போகிறாள் என்று ஒரு தைரியமும் இருந்தது. மதியம் சோற்றுக்கு உட்காரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்வரின் பச்சை விளக்கு விட்டு விட்டு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். வாளி மட்டும் அதன் பிறகு ஒருநாளும் மறந்ததில்லை.

போன வருஷம் ஆடியில் அக்கா வேலையை விட்டு நின்றார். திருப்பூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். கடைசி நாள் என் அறைக்கு வந்தார். ஆல்பம் வேலை தலைக்கு மேல். நான் ஒரு கையில் கேபிளும் மறு கையில் போனுமாக நின்றேன்.

"தம்பி, ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"ஆல்பம் முடியட்டும்க்கா, பெறகு பேசுவோம்."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் அவர் பெயரைக் குரூப்களில் இருந்து எடுத்தேன். தொண்ணூறு நாள் கணக்கு ஓட ஆரம்பித்தது.

மார்கழி பாதியில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக அப்படி உட்கார மாட்டாள்.

"இந்த வருசம் மொகத்தோட கும்பிடணும்லே. வெறுங்கையவே எம்புட்டு வருசம் கும்பிட? எனக்கு அவ மொகம் மறந்து போயிருமோன்னு இருக்கு."

"அதெப்படிம்மா மறக்கும்?"

"பல்லு எந்தப் பக்கம்னு நேத்து நெனச்சுப் பாத்தேன். வரல."

மறுநாள் காலை பிரஸ்ஸுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவின் ஃபோல்டரைத் தேடினேன். இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஐப்பசியிலேயே தொண்ணூற்றொன்றாம் நாள் வந்து போய்விட்டது.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தீபாவளி முடிந்து சர்வர் நிறைந்து கிடந்தது. நின்று போனவர்கள் பட்டியலைத் திறந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். திரும்பப் பெற முடியாது, சரிதானா என்றது. சரி என்றேன். ஐம்பத்தொன்பது ஜிபி ஒரே அடியாகக் காலியானது. அந்தச் சந்தோஷத்தில் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். என் தங்கச்சியை அழித்துவிட்டுப் போய் டீ குடித்திருக்கிறேன்!

பேக்கப் எடுக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தேன். ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது. புதுசை எழுதும்போது பழசு போய்விடும். கார்த்திகையில் ஒன்றும் மார்கழியில் மற்றதும் எழுதியாகிவிட்டது. இரண்டிலும் அக்கா இல்லை. சர்வர் முழுக்கத் தேடவிட்டேன். நான் திறக்க முடிகிற இடத்தில் எல்லாம் அது தேடியது. ஒன்றும் வரவில்லை. மத்தாப்புப் பார்ட்டிக்கு எழுதிக் கேட்டேன். அன்றே அனுப்பினார்கள். வளையல் போட்ட கை, மத்தாப்பு, பொறி. மணிக்கட்டுக்கு மேல் வெள்ளை. அக்கா ஒரு நகல் கொண்டுபோயிருப்பாரோ என்று ஒரு நொடி தோன்றியது. எப்படிக் கொண்டுபோவார்? அந்த வழியை அடைத்தது யார்?

அக்காவுக்குப் போன் செய்ய எனக்கு முகம் இல்லை. பத்து நாள் தள்ளினேன். வீட்டில் அம்மா கேட்கும்போதெல்லாம் "பொங்கலுக்குள்ள எடுத்தாறேன்" என்றேன். புளுகன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அம்மா காதில் விழாமல் இருக்க பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு அடித்தேன்.

"என்ன தம்பி, அதிசயமா போன் அடிக்க? சர்வர் படுத்திருச்சா?"

"அக்கா, ஒங்க ஃபோல்டர அழிச்சிட்டேன்."

"அது தெரிஞ்ச கதைதான? கொலசாமி வந்து கெஞ்சுனாலும் தொண்ணூத்தொன்னாம் நாளு நீ அழிச்சிருவியே."

"அதுல தங்கச்சி படம் இருந்துச்சுக்கா." சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "ஏ தம்பி, நீ இன்னும் பாக்கலயா?"

"எதக்கா?"

"அடக் கிறுக்குப் பயலே! ஒங்கம்மா மொத மொதக் கன்னி கும்பிட்டாகன்னு கேள்விப்பட்டேன்ல, அன்னைக்கே அவள எடுத்து சாமியில வச்சிட்டேன். ஒங்க வீட்டுச் சாமி அவ. எம் ஃபோல்டர்ல மத்தாப்பு லேபிளோட கெடக்கலாமா? அதுவும் நீ எப்ப எத அழிப்பேன்னு யாருக்குத் தெரியும்? சாமியில இருந்தா நீ தொட மாட்ட."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"ஊரு பூராத்துக்கும் சாவி வச்சிருக்கறவன் நீ. தெனமும் போயிப் பாத்துக்கிட்டு இருக்கன்னுல்ல நெனச்சேன். நீயாப் பேசாதப்ப நான் என்னத்தக் கேக்க? போறன்னைக்குச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். ஆல்பம் முடியட்டும்னுட்ட."

"நான் அந்தக் குரூப்லயே இல்லக்கா."

"இல்லாட்டி என்ன, சேந்துக்கோ. ஒன்னையச் சேக்க நீ யார்கிட்டப் போயிக் கேக்கணும்?"

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். மிஷின் ஓடாத பிரஸ்ஸில் நம் செருப்புச் சத்தமே நமக்குக் கேட்கும். கண்ணாடி அறை வாசலில் கழற்றிப் போட்டேன். சாமி குரூப்பைத் திறந்து உறுப்பினர் பட்டியலின் கடைசியில் என் பெயரை அடித்தேன். சேர்த்த உடனே திறக்காது. ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் சர்வர் நம்மைக் குரூப்பில் ஒருவராக ஏற்றுக்கொள்ளும். இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை எரிச்சலோடு சொல்லியிருப்பேன்! வெளியேறினேன். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாம் தடவை உள்ளே விட்டது.

அம்மன், பிள்ளையார், பெருமாள், முருகன். அப்புறம் அந்த அருவி. அதற்குக் கீழே ஒரு ஃபோல்டர்: 'தம்பி வீட்டுக் கன்னி'.

உள்ளே ஒரே ஒரு ஃபைல். திறக்க நேரம் எடுத்தது. முதலில் வளையல் தெரிந்தது, பிறகு கம்பி, பிறகு அவள். தலையில் பூ வைத்திருந்தாள். அன்றைக்கு அவள் பூ வைத்துக்கொண்டு வரவில்லையே என்று பார்த்தேன். டிசைன் செய்கிறவர்கள் படத்தின் மேல் கண்ணாடித்தாள் போட்ட மாதிரி அடுக்கடுக்காக வேலை செய்வார்கள். எந்த அடுக்கை வேண்டுமானாலும் தனியாக மறைத்துப் பார்க்கலாம். அங்கே ஐந்து அடுக்கு இருந்தது. ஒன்றில் மல்லிகை, ஒன்றில் கனகாம்பரம், ஒன்றில் பிச்சி, ஒன்றில் மரிக்கொழுந்து, ஒன்றில் ரோஜா. ஒவ்வொரு தைக்கும் ஒன்றாக அக்கா வைத்திருக்கிறார். நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ற வருஷங்களில், டிசைன் பக்கம் உட்கார்ந்து அவர் என் தங்கச்சிக்குப் பூ வைத்திருக்கிறார். இந்த வருஷத்துப் பூ மட்டும் இல்லை.

எல்லாப் பூவையும் மறைத்துவிட்டு அவளை அவளாகப் பார்த்தேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கிறாள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும் சரிந்த தூக்குவாளியும் இருந்தன. அது என் கை. வாய்விட்டு அழுதேன். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை டிசைன் பிள்ளைகளிடம் சொல்லி நல்ல தாளில் பிரிண்ட் எடுத்தேன். பூ இல்லாமல் எடுத்தேன். பூ வைக்கிற வேலை அம்மாவுடையது.

கன்னி கும்பிடுகிற வெள்ளிக்கிழமை காலையில்தான் கையில் கொடுத்தேன். அதற்கு முன்னால் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போனாள். கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"எடது பக்கம்," என்றாள் கடைசியில். பல்லைத் தொட்டுக் காட்டினாள். "எடது பக்கம்லே." பிறகு, "எங்கிட்டக் கேக்காம வளையலப் போட்டுட்டுப் போயிருக்கா பாரு, கழுத." பிறகு, "யாரப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்கா?"

"என்னையத்தாம்மா. ரசத்தக் கொட்டிட்டேன்."

அம்மாவும் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்கனலே இருந்துச்சு இது?"

"ஆபீஸ்லதாம்மா. சாமி படத்தோட வச்சிருந்தாக."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்ப இம்புட்டு வருசமும் ஒங்கிட்டயேவாலே இருந்தா?"

"ஆமாம்மா. நான்தான் உள்ள போகல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. படத்தை ஓலைப்பெட்டிக்கு மேல் சுவரோடு சாய்த்து வைத்தாள். கை இருந்த மத்தாப்புப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

"சரி, இப்ப உள்ள போயிட்டேல்ல," என்றாள். "அந்தப் பூவ எடு. நீயே வையி."